சூடேறிய மரத்தூள் மூடை

சிவகாசியிலிருந்து சாத்தூர் போகிற சாலையில் எங்கள் மைதானம் இருக்கிறது. பட்டாசுக் கம்பெனி முதலாளி ஒருவர் கிரிக்கெட் மேல் இருந்த ஆசையில் கட்டியது. மாநில அணிகள் ஆடும் நான்கு நாள் ஆட்டம் 2007 டிசம்பரில்தான் முதல் தடவையாக எங்களுக்குக் கிடைத்தது. ஆடுகளத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கும் சங்கிலிமுத்துவுக்கும்.

அதற்கு முன் அதே முதலாளியின் கம்பெனியில் ஆறு வருடம் மருந்து கலக்கும் அறையில் இருந்தேன். ஒரு தீயில் இடது கையில் மூன்று விரல்கள் போயின. இனி மருந்தைத் தொடமாட்டேன் என்றேன். முதலாளி மறுபேச்சுப் பேசாமல் என்னைப் புல் வெட்ட அனுப்பிவிட்டார்.

இரண்டாம் நாள் விடியற்காலையில் மழை. ஆடுகளத்துக்குத் தார்ப்பாய் போட்டிருந்தோம், அது நனையவில்லை. பந்து வீசுகிறவர்கள் ஓடிவரும் தெற்குப் பக்கத் தரைதான் சொதசொதவென்று ஆகிவிட்டது. அந்த இடத்தில் மரத்தூள் போட்டு ஈரத்தை உறிஞ்ச வைப்பது வழக்கம். எட்டு மணிக்குக் கம்பெனி வேன் வந்து ஒரு மூடை மரத்தூளை இறக்கிவிட்டுப் போனது. சங்கிலிமுத்து மூடையின் வாயைப் பிரித்துப் பாதியைத் தெற்குப் பக்கம் தூவினான். மீதியை எங்கள் சாமான் அறையில் வைத்தான். அந்த அறை சிமெண்ட் கேலரிக்கு அடியில் இருக்கிறது. புல் வெட்டும் மிஷினும் அதற்கான பெட்ரோல் கேனும் அங்கேதான்.

பத்து மணிக்கு வெயில் வந்தது. பதினொன்றுக்குத் தரையைப் பார்ப்பதாக நடுவர்கள் சொல்லியிருந்தார்கள். நானும் சங்கிலிமுத்துவும் கயிறு எடுக்கச் சாமான் அறைக்குள் போனோம்.

"எவன்லே இதுக்குள்ள ஒண்ணுக்கு இருந்தது?" என்று சங்கிலிமுத்து மூக்கைப் பொத்தினான். "காவலுக்கு இருக்க நாகையாவாத்தான் இருக்கும். கக்கூஸ் வரைக்கும் நடக்கக் கெழவனுக்குச் சோம்பல்."

எனக்கும் அந்த வாடை அடித்தது. ஆனால் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அலுமினியப் பவுடரும் வெடியுப்பும் சேர்ந்த கலவையில் ஈரம் பட்டால் இந்த வாடைதான் வரும். நனைந்த மருந்து வெடிக்காது என்று வெளியாட்கள் நினைப்பார்கள். இந்தக் கலவை அப்படியில்லை. லேசாக ஈரம் பட்டால் தனக்குள்ளேயே புழுங்கிச் சூடேறும். சூடு ஏறிக்கொண்டே போய்த் தானாகப் பற்றும்.

சங்கிலிமுத்துவைத் திரும்பிப் பார்த்தேன். தலையில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டியிருந்தான்.

"இந்தத் துணி ஏதுலே?"

"மூடை வாயில கட்டியிருந்துச்சு மாப்ள. நல்ல துணியா இருக்கேன்னு..."

மருந்து அறையில் தரையில் சிந்தியதை மரத்தூள் போட்டுத்தான் கூட்டி அள்ளுவோம். அந்தக் குப்பை மூடைக்குத்தான் சிவப்புத் துணி கட்டுவோம். சாயங்காலம் குழியில் கொட்டி எரித்துவிட வேண்டும். முந்தின நாள் சாயங்காலமும் மழை. எரித்திருக்க மாட்டார்கள். நனையாமல் இருக்கட்டும் என்று யாரோ நல்ல மரத்தூளோடு கம்பெனித் தாழ்வாரத்தில் ஏற்றி வைத்திருக்க வேண்டும். வேன்காரனுக்குத் துணியின் கணக்குத் தெரியாது. சங்கிலிமுத்துவுக்கும் தெரியாது. அவன் மருந்து அறைக்குள் போனவனே இல்லை.

மூடை மேல் கை வைத்தேன். சோறு வடித்த பானையைத் தொட்ட மாதிரி இருந்தது.

அடுத்து நான் செய்ததை மறைக்கவில்லை. ஓடினேன். சொல்லாமல் கொள்ளாமல் அவனை அங்கேயே விட்டுவிட்டுக் கேட் வரைக்கும் ஓடினேன். போன விரல்கள் மூன்றும் இருக்கிற மாதிரியே எரிந்தன. கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பின்னால் தட் தட் என்று சத்தம் கேட்டது. இலவசப் பாஸில் வந்திருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள் கேலரிப் படியில் காலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இருநூறு பெண் பிள்ளைகள். அவர்கள் மிதிப்பது எங்கள் அறையின் கூரையை.

திரும்பி நடந்தேன். கேலரியில் இறங்குவதற்கு ஒரே படிக்கட்டு. தீ என்று கத்தினால் மிதிபட்டே செத்துப்போவார்கள். படியோரம் அவர்களைக் கூட்டிவந்த ஞானபூரணி டீச்சர் நின்றிருந்தார்.

"டீச்சர், பிள்ளைகளை அந்தப் பக்கக் கேலரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"இப்பத்தான துடைச்சுட்டு உக்காந்துருக்குதுக. எதுக்கு எந்திரிக்கச் சொல்லுதீக?"

"மூடை சூடாயிருச்சு டீச்சர்."

சிவகாசிக்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. "எங்கன?" என்று மட்டும் கேட்டார். நான் அவர் காலடியைக் காட்டினேன். அவர் முகம் வெளிறியது. குரல் மாறவில்லை.

"எட்டாங் கிளாஸ் முதல்ல எந்திரி. அந்தப் பக்கம் இருந்தாத்தான் பேட்டிங் நல்லாத் தெரியுமாம். ரெண்டு ரெண்டு பேரா கையைப் பிடிச்சுக்கோ. ஓடுறவளுக்கு நாளைக்கு இருபது தடவை இம்போசிஷன்."

பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். நான் மருந்து அறைப் பழக்கத்தில் அறை வாசலில் செருப்பைக் கழற்றினேன். டீச்சரிடம் நான் சொன்னதைக் கேட்ட சங்கிலிமுத்து மூடையை வெளியே தள்ள மண்வெட்டியை எடுத்தான்.

"இரும்பைத் தொடாத, பொறி பறந்துரும். அதைக் கீழ போடாமத் தரையில மெதுவா வை. துணி என்னன்னு தெரியுமால்லே உனக்கு?"

சொன்னேன். அவன் தலையிலிருந்த துணியை அவிழ்த்துப் பார்த்தான். பிறகு அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தான்.

"எம்புட்டு நேரம் இருக்கு மாப்ள?"

"தெரியாது. என் கையால தனியாத் தூக்க முடியாது. நீ ஒரு பக்கம் பிடிக்கணும்."

"எனக்கு ரெண்டு பொட்டப் பிள்ளைக இருக்குலே."

"பிடிக்கியா, போறியா? சீக்கிரம் சொல்லு."

அவன் பிடித்தான். இழுக்காமல், குலுக்காமல், குழந்தையைத் தொட்டிலோடு தூக்குகிற மாதிரித் தூக்கினோம். தண்ணீர்த் தொட்டி நாற்பது காலடித் தூரம். காலடிகளை எண்ணினேன். வேறு எதையும் நினைக்காமல் இருக்க அதுதான் வழி. சங்கிலிமுத்து இருக்கன்குடி மாரியம்மனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தான். இருபத்தெட்டாவது காலடியில் மூடையின் வாயிலிருந்து ஆவி மாதிரி ஒன்று எழும்பியது. அவன் நின்றுவிட்டான்.

"நிக்காத. பாக்காத. நட."

தொட்டிக்குள் விட்டதும் தண்ணீர் கொதிப்பது போலக் குமிழ் விட்டது. அரைகுறை ஈரம்தான் ஆபத்து. முழுக்க முக்கிவிட்டால் சூடு அடங்கிவிடும். குமிழ் குறையும் வரை தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தூவிய பாதி மூடை இன்னும் தெற்குப் பக்கம் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பந்து வீசுகிறவர் ஷூவில் இரும்பு முள் உண்டு. குழாயை இழுத்துக்கொண்டுபோய்த் தண்ணீரைத் திறந்துவிட்டேன். தரை காயட்டும் என்று காலையிலிருந்து காத்திருந்த ஜனம் எழுந்து நின்று பார்த்தது. பிறகு ஊளையிட்டது.

"ஏலே, நாத்து நடப்போறியா?"

"தண்ணியப் போட்டுட்டுத் தண்ணி விடுதான்லே!"

மைதான மேனேஜர் சீனிவாசகம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்தார். "கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு? நடுவரு பாத்துக்கிட்டு நிக்காரு!"

"வந்தது செவப்புத் துணி மூடை சார். சூடாயிருச்சு, தொட்டியில போட்டிருக்கோம். உங்க செல்லைக் குடுங்க. அது கிடந்த தாழ்வாரத்துல இன்னும் எத்தனை கிடக்கோ."

அவரே கம்பெனிக்குப் போட்டு என் கையில் கொடுத்தார். போர்மேன் கருப்பணன் அண்ணாச்சி எடுத்தார்.

"அண்ணாச்சி, செல்லப்பாண்டி பேசுதேன். பின்பக்கத் தாழ்வாரத்துல கிடக்குற மரத்தூள் மூடையெல்லாத்தையும் கை வச்சுப் பாருங்க. இப்பவே பாருங்க. பொம்பளையாளுகளை முதல்ல வெளிய அனுப்புங்க."

போனை மேஜையில் வைக்கிற சத்தம் கேட்டது. அந்தப் பக்கம் பெண்கள் திரி வெட்டிக்கொண்டே பேசுவது கேட்டது. யாரோ யாரையோ கேலி செய்ய, ஒருத்தி சிரித்தாள். அண்ணாச்சி ஏதோ அதட்டினார். சிரிப்பு நின்றது. நிறையக் கால்கள் ஓடின. அப்புறம் சத்தமே இல்லை. போனிலிருந்து காதை எடுக்காமல் கம்பெனி இருக்கும் வடக்குப் பக்க வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். குழாய்த் தண்ணீர் என் கால் மேல் ஓடியது. சீனிவாசகம் சாரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. போனைத் தூக்குகிற சத்தம்.

"ரெண்டு மூடை சுட்டுச்சுலே பாண்டி. தொட்டியில முக்கிட்டோம். ஆளுகளையெல்லாம் ரோட்டுக்கு அனுப்பியாச்சு."

"இன்னைக்கு வேலைக்கு எம்புட்டுப் பேரு?"

"முப்பத்தாறு."

"எண்ணுங்க அண்ணாச்சி."

"எல்லாம் வந்துட்டாகலே."

"எனக்குக் கேக்குற மாதிரி எண்ணுங்க."

அவர் சன்னல் பக்கம் போய் எண்ணினார். ஒவ்வொரு எண்ணுக்கும் நான் தலையாட்டினேன். முப்பத்தைந்தில் நின்றுவிட்டார். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார். மறுபடியும் முப்பத்தைந்து.

"அண்ணாச்சி, நீங்க அதுல உண்டா?"

"என்னைய விட்டுட்டேன்லே," என்றார். அவர் அழுவதை அன்றுதான் கேட்டேன்.