நாற்பதாயிரம் எறும்புகளும் ஒரு ஸ்பேனரும்

லிஃப்ட் மெக்கானிக்கின் வலது தொடையில் மூன்று வாரமாக நாற்பதாயிரம் எறும்புகள் குடியிருந்தன. எண்ணிப் பார்த்தவர் அவரேதான். காலையில் ஊர்ந்தன, மத்தியானம் தீ மூட்டின, சாயங்காலம் யாரோ வெந்நீர் ஊற்றினார்கள். தொட்டால் தோல் காய்ந்து கிடந்தது. செல்போனில் ஒரு மருத்துவக் கல்லூரியையே விழுங்கினார்; பட்டம்தான் பாக்கி. கடைசியில் ‘மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்’ என்ற பெயரில் விரல் நின்றுவிட்டது. மூளையையும் தண்டுவடத்தையும் தாக்குமாம். மரத்துப்போகுமாம், எரியுமாம்.

அதோடு அவருக்குச் சோறு இறங்கவில்லை. வேலையில் அவர் நிற்பது லிஃப்ட் பெட்டியின் கூரைமேல். கீழே குழியில் நிற்பவன் மனைவியின் தம்பி. போன மாதம் இடுப்பிலிருந்து நழுவிய ஸ்பேனர் அவன் காதை உரசிக்கொண்டு போயிருந்தது. இனி காலும் நழுவினால்?

மச்சினன் இழுத்துப்போன ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவரைக் கண்ணை மூடி மூக்கைத் தொடச் சொன்னார், நேர்கோட்டில் நடக்கவிட்டார், முட்டியில் சுத்தியலால் தட்டினார். ஊசி உறைக்காத இடத்தைப் பேனாவால் வளைத்தார். தொடையின் வெளிப்பக்கம் ஒரு தேசப்படம் உருவானது.

“முழங்காலுக்குக் கீழ?”

“ஒண்ணுமில்ல.”

டாக்டரம்மா அவர் இடுப்பை அழுத்திப் பார்த்தார். அந்தச் சோதனை ஒன்றரை மணி நேரம் நீடித்தது. சுவர்க் கடிகாரம்தான் அரை நிமிடம் என்று பொய் சொன்னது.

“நேரா சொல்லிடுங்க டாக்டர். இனிமே மேல ஏற முடியாதா?”

“இடுப்பெலும்புல இது என்ன தடம்?”

மச்சினன் முந்திக்கொண்டான். “டூல் பெல்ட்டுங்க. பட்டறையையே கட்டிட்டு வர்றாரு. ஸ்பேனர் விழுந்த நாள்லேர்ந்து ரெண்டு ஓட்டை இறுக்கிட்டாரு. மூச்சே வாரத்துக்கு ஒரு தடவதான் விடறாரு.”

“இவன் தலை எனக்கு வேணும்ல,” என்றார் மெக்கானிக், தரையைப் பார்த்துக்கொண்டு.

“தொடைத் தோலுக்குப் போற நரம்பு அந்த எடத்து வழியாத்தான் வருது. நசுக்கி வெச்சிருக்கீங்க. நீங்க பயப்படற நோய்க்கான அறிகுறி எதுவும் எனக்குத் தெரியல. ஆறு வாரம் பாருங்க. குறையலன்னாலோ வேற எடத்துல வந்தாலோ ஸ்கேன் எடுப்போம்.”

“ஏறலாமா?”

“கால்ல பலம் இருக்கு, ஏறலாம். பெல்ட் ஏறக்கூடாது.”

மறுநாள் மச்சினன் ஒரு தோள்பை கொண்டுவந்தான். ஒவ்வொரு ஸ்பேனரையும் கயிறு போட்டுப் பையோடு பிணைத்திருந்தான். மெக்கானிக் கூரைமேல் ஏறி, வலது காலை அழுத்தி ஊன்றினார். கால் நின்றது.

“மாமா, எறும்பு எப்படி இருக்கு?” குழியிலிருந்து குரல் வந்தது.

“முப்பத்தொன்பதாயிரம். எண்ணிட்டிருக்கேன். நீ ஹெல்மெட்டப் போடு மாப்ள.”