குடித்துக் காட்டுகிறவர்

ஞாயிற்றுக்கிழமையானால் தருமலிங்கத்துக்குத் தண்ணீர் குடிப்பதுதான் வேலை. ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை. குடித்துக் கெட்டவர்களைப் பார்த்திருக்கிறோம், குடிப்பதற்கென்றே ஆளனுப்பிக் கூப்பிடுகிறார்களே, கொடுத்துவைத்த மனுஷன் என்று டீக்கடையில் பேச்சு.

ஆரம்பாக்கத்தை அடுத்து, செம்மண் குன்றின் அடியில் அவருடைய நெல்வயல் இருந்த இடம் இப்போது மனைப்பிரிவு. மேற்கே குன்று, கிழக்கே ஏரி, இரண்டையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்று வாசல் வளைவில் எழுதியிருந்தார்கள். பார்க்கலாம்தான். அந்தக் குன்றைத் தினம் கொஞ்சமாக வெட்டித்தான் வயலை மேடாக்கினார்கள் என்பதால், எத்தனை நாளைக்குப் பார்க்கலாம் என்பதை மட்டும் எழுதவில்லை. சென்னைக்கு மிக அருகில் என்றும் போட்டிருந்தது. ரயிலேறி ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் அருகில்தான்.

மனை விற்கும் பிரவீன் மீஞ்சூர்க்காரன். வேன்களில் ஆட்கள் வந்து இறங்கியதும், "இந்த மண்ணோட விவசாயி, ஐயா தருமலிங்கம்" என்று மைக்கில் சொல்வான். அவர் வெள்ளை வேட்டியோடு எழுந்து, பித்தளைச் சொம்பை அண்ணாந்து குடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "கல்கண்டாட்டம் கீது" என்பார். சொம்பில் இருப்பது பந்தலுக்குப் பின்னால் ஊற்றிய கேன் தண்ணீர். போர்வெல் குழாயில் வருவது உப்புத் தண்ணீர். கடலோடு கலந்த பழவேற்காட்டு ஏரியின் உப்பு அடிமண்ணில் ஊறிவந்து நாற்றைக் கருக்கியதால்தானே நிலத்தையே விற்றார்.

"இது இன்னா பொழப்பு?" என்று மனைவி மணியம்மாள் கேட்டபோது, "ஒரு வாய் தண்ணி குடிக்கிறது தப்பா?" என்று அவள் வாயை அடைத்துவிட்டார். நிலம் போன பிறகு அவரை யாரும் எதற்கும் கூப்பிடுவதில்லை. மைக்கில் வரும் அந்த 'ஐயா'வுக்காகத்தான் போனார். மைக்கை அணைத்ததும் பிரவீன் அவரைப் 'பெருசு' என்றுதான் கூப்பிட்டான், அதையும் பொறுத்துக்கொண்டார்.

ரமலான் மாதத்து ஞாயிறு ஒன்றில், வேனில் வந்த பெண்ணொருத்தி நேரே அவரிடம் வந்தாள்.

"பெரியப்பா, என்னைத் தெரியுதா? பழவேற்காடு சம்சுதீன் பொண்ணு, அர்ஷியா."

சம்சுதீன் நெல் வியாபாரி. தருமலிங்கத்திடம் நெல் எடுத்த காலமெல்லாம், எடை போடும்போது ஒருநாளும் பக்கத்தில் வந்து நின்றதில்லை. நீங்க சொன்னா சரிண்ணே என்று மூட்டையை வண்டியில் ஏற்றிவிடுவார். அவர் இறந்து சில வருஷம் ஆகிறது. அர்ஷியா இப்போது கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனிக்குப் போய்வருகிறாளாம்.

"எங்க தெருவுல குடிக்கிற தண்ணி வெலைக்குத்தான் பெரியப்பா. அம்மாவால கொடம் தூக்க முடியல. மலை, ஏரியெல்லாம் எனக்கு எதுக்கு? ஏரிய பாத்துதான் பொறந்தேன். நல்ல தண்ணி இருந்தா போதும்."

சொல்லிவிட்டு, பிரவீன் சொம்போடு ஓடிவருவதற்குள் போர்க் குழாயைத் திறந்து ஒரு டம்ளர் பிடித்துவிட்டாள்.

"நான் நோம்பு. வாயில வைக்க முடியாது. நீங்க குடிச்சிப் பாத்து சொல்லுங்க."

தருமலிங்கம் டம்ளரை வாங்கினார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வாயோடு நிறுத்தினால் சந்தேகம் வரும் என்று முழுதும் குடித்தார். நாக்கு சுருண்டது. முகத்தில் ஒரு சுளிப்பும் வரவில்லை. அவ்வளவு தேறியிருந்தார்.

"கல்கண்டாட்டம் கீது ம்மா."

வேனில் வந்தவர்கள் கைதட்டினார்கள். அர்ஷியாவின் முகம் மலர்ந்துபோனது. பையிலிருந்த பாட்டிலை எடுத்து அதே குழாயில் நிரப்பிக்கொண்டாள். "இன்னிக்கி நானும் அம்மாவும் இதுலதான் நோம்பு தொறக்கப்போறோம்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. பிரவீன் பக்கத்தில் நின்றான். வேன் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தவர் மணியம்மாளின் முகத்தைப் பார்க்கவில்லை. வாய் கொப்பளித்தார், மறுபடி கொப்பளித்தார். அந்த உப்பு போகிற உப்பாக இல்லை. பொழுது சாயச் சாய, பழவேற்காட்டில் பேரீச்சம்பழத்தோடு இரண்டு பெண்கள் அந்தப் பாட்டிலை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நினைப்பை விட்டு அகலவில்லை. வெட்கத்தில் உடம்பே கூசியது. இருட்டியதும் போன் அடித்தது. காறித்துப்பட்டும் என்றுதான் எடுத்தார்.

"பெரியப்பா, தப்பா எடுத்துக்காதீங்க. தண்ணி வாயில வைக்க முடியல, அம்மா துப்பிட்டாங்க. பாட்டில்ல முன்ன ஊறுகா எதுனா வெச்சிருந்தோமோ என்னமோ, நான்தான் கழுவாம புடிச்சிட்டேன் போல. நாளைக்கி பத்திரம் எழுதப் போறோம். அத்தா இருந்தா உங்கள ஒரு வார்த்த கேட்டுட்டுதான் செய்வாரு. அதான் கேக்கறேன்."

அவள் அவரைச் சந்தேகப்படவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"பாட்டில் மேல தப்பில்ல ம்மா," என்றார். "போர் தண்ணியே உப்புதான். மனைய எழுதாத."

"இன்னா சொல்றாரு?" என்று அவள் அம்மா கேட்பது தூரத்தில் கேட்டது.

"நீங்க குடிச்சீங்களே பெரியப்பா. என் எதிர்ல, முழுசா."

"குடிச்சேன் ம்மா" என்றார் தருமலிங்கம்.