நாற்பதினாயிரம் புள்ளிகள்

அத்தான் கேட்டது ஓர் உலகப் படம்தான்.

"எங்கட கொயின் எத்தனை நாட்டில, எத்தனை கொம்பியூட்டரில ஓடுது எண்டு புள்ளி போட்டுக் காட்டவேணும். புளியங்குளத்துக் கூட்டத்துக்கு முதல் செய்து தா, தாட்சா."

தாட்சாயினி பல்கலைக்கழகத்தில், ஊர்ப் பேச்சில் கம்பஸில், கணினி படித்தவள். கிளிநொச்சியில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில் படிப்பித்துக்கொண்டு, உருத்திரபுரத்தில் அக்கா பிரேமிளாவின் வீட்டில் இருந்தாள். அக்காவின் புருசன் நிருஷன் முன்பு உரக்கடை வைத்திருந்தவர். இரண்டு வருசமாக ஒரு டிஜிட்டல் நாணயத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். எண்பது நாடுகளில் பன்னிரண்டு லட்சம் கணினிகள் சேர்ந்து அதை நடத்துகின்றன, எவராலும் இழுத்து மூட முடியாது என்று ஊர் ஊராகச் சொன்னார். அதை அவரும் நம்பியிருந்தார். முன் அறையில் அவருடைய கணினியும் அந்த வலையமைப்பில் இரவு பகலாக ஓடியது.

எண்ணுகிற வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. வலையமைப்பில் உள்ள ஒரு கணினியிடம் உனக்குத் தெரிந்தவர்கள் யார் என்று கேட்டால் ஒரு முகவரிப் பட்டியல் தரும். அந்த முகவரிகளிடம் திரும்பவும் அதே கேள்வி. அவள் எழுதிய புரோகிராம் ஒரே பகலில் நாற்பதினாயிரம் முகவரிகளைத் திரட்டிவிட்டது. முகவரியை வைத்து எந்த நாடு என்று ஓரளவு சொல்லிவிடலாம். பன்னிரண்டு லட்சத்தில் இது ஒரு சிறு பங்குதான்; ஆனாலும் படம் முழுக்கப் புள்ளி. அக்கா தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்து, "பிரேசிலிலயும் இருக்கோ?" என்று சிரித்தாள்.

அடுத்த நாள் அவள் ஒவ்வொரு முகவரியாகத் தொடர்புகொண்டு பார்த்தாள். பதில் சொன்னவை அறுபத்து மூன்று.

தன் புரோகிராமில்தான் பிழை என்று நினைத்து இரண்டு தரம் திருத்தினாள். வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருக்கிற கணினிகளை வெளியிலிருந்து எட்ட முடியாது. அவையாகத்தான் தேடி வரவேண்டும். அவற்றுக்காக வாடகைக்கு ஒரு சேர்வர் எடுத்துப் பதினொரு நாள் திறந்து வைத்திருந்தாள். வந்தவை ஒன்பது. அதில் ஒன்று அத்தானுடையது. முதலில் பதில் சொன்ன அறுபத்து மூன்றில் ஐம்பத்தெட்டு, ஒரே வெளிநாட்டு நகரத்தில், ஒரே நிறுவனத்தின் அடுத்தடுத்த முகவரிகளில் இருந்தன. எவ்வளவு தாராளமாக மதிப்பிட்டாலும் மொத்தம் நூற்றைம்பதைத் தாண்டவில்லை.

"அத்தான், இது உலகம் முழுக்க இல்லை. ஒரு கட்டடத்துக்குள்ள இருக்கு. அவங்கள் நிப்பாட்டினா எல்லாம் நிண்டிடும்."

அவர் கோபப்படவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, முழுவதையும் கேட்டார்.

"அப்ப மற்ற நாற்பதினாயிரம்?"

"வெறும் முகவரி. பெரிசாக் காட்டுறதுக்கு ஆரோ எழுதிவிட்டிருக்கினம்."

"வேற ஆருக்கும் சொன்னனியோ?"

"இல்லை."

"சொல்லாதை. நான் பாத்துக்கொள்ளுறன்."

கூட்டத்தை நிறுத்திவிடுவார் என்றுதான் அவள் நினைத்தாள்.

அதிலிருந்து ஆறாம் நாள், புளியங்குளம் பொதுநோக்கு மண்டபத்தின் வெள்ளைத் திரையில் நாற்பதினாயிரம் புள்ளிகளும் மின்னின. "என்ர மச்சாள், கம்பஸில படிச்சவா, அவாவே எண்ணின கணக்கு" என்றார் அத்தான். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். அவள் எழும்பப் பார்த்தாள். பக்கத்தில் இருந்த அக்கா அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். முகம் திரையை விட்டுத் திரும்பவில்லை; பிடி மட்டும் இறுகியது. அக்காவுக்கும் தெரிந்திருக்கிறது.

கூட்டம் முடிந்ததும் மீனம்மா என்கிற கச்சான்கடலைத் தோட்டக்காரி அவளிடம் வந்தாள். மலையகத்திலிருந்து வந்து வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம்.

"நீங்கதானா புள்ள எண்ணுனது? அவரு சொல்றது எனக்கு வெளங்கல. நீங்க சொன்னா சேருறேன்."

"ஓம் அம்மா, நான்தான் எண்ணினனான்."

அது பொய்யில்லை என்று பஸ்ஸில் வீடு வரும்வரை தனக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஐந்து மாதம் கழித்து ஒரு முற்பகலில் அந்த ஐம்பத்தெட்டும் ஒரே நிமிசத்தில் நின்றுபோயின. அத்தான் ஓர் அலுவல் என்று கொழும்புக்குப் போனவர் திரும்பவில்லை. காசு போட்ட சனம் வீட்டுப் படலையடியில் கூடியது. குசினிக்குள் நின்ற தாட்சாயினிக்கு அக்காவின் குரல் தெளிவாகக் கேட்டது.

"தங்கச்சிதான் எண்ணிச் சொன்னவள். எங்களுக்கு உதில என்ன தெரியும்?"

அடுத்த நாள் தாட்சாயினி புளியங்குளத்துக்குப் போனாள். மீனம்மா முற்றத்தில் கச்சான் ஆய்ந்துகொண்டிருந்தாள். அறுபத்து மூன்று, ஐம்பத்தெட்டு, ஒரு கட்டடம் என்று அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மீனம்மாவின் கை நிற்கவில்லை.

"அன்னைக்கே தெரியுமா?"

"ஓம்."

"படிச்ச புள்ளன்னு நம்பித்தான் உங்கள கேட்டேன்" என்றாள் மீனம்மா. பிறகு ஓலைக் கடகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

தாட்சாயினி முற்றத்திலேயே நின்றாள். இருக்கச் சொல்லவோ போகச் சொல்லவோ யாரும் வரவில்லை. வெயில் ஏறியதும் பஸ் பிடிக்கச் சந்திக்கு நடந்தாள்.