தூக்கிப் போட முடியாத பெட்டி

கண்ணாடிப் பட்டறையில் பத்து வருஷம் வேலை பார்த்தவர்களிடம் ஒரு பொருளைக் கொடுத்து, கீழே போடச் சொல்லிப் பாருங்கள். போட மாட்டார்கள். போடுகிறேன் பேர்வழி என்று கையை நீட்டுவார்கள். முழங்கால் தன்னால் மடங்கும், முதுகு தன்னால் குனியும், பொருள் தரைக்கு ஒரு சாண் உயரத்துக்கு வந்த பிறகுதான் விரல் பிரியும். கேட்டால் "போட்டேனே!" என்று சத்தியம் செய்வார்கள். பாவம், பொய் சொல்லவில்லை. கை அப்படிப் பழகிவிட்டது.

இந்தச் சின்ன விஷயம்தான் கட்டரைக் கவிழ்க்கப் பார்த்தது.

கட்டர் என்பது ஒரு பெண்ணுக்குப் பட்டறை வைத்த பட்டப்பெயர். எப்போது பார்த்தாலும் கையில் அட்டை அறுக்கும் கட்டரோடு நிற்பாள், அதனால் அந்தப் பெயர். பட்டறை அவள் அக்கா புருஷனுடையது. அங்கே கண்ணாடி ஜக் செய்வார்கள். அந்த ஜக் போய்ச் சேர்வதற்கான பெட்டியைச் செய்வது இவள் வேலை. முன்பெல்லாம் ஜக்குக்கு மேலும் கீழும் வெள்ளைத் தெர்மாகோல் கிண்ணம் வைத்து, இரண்டு ஜக் கொள்ளும் பெட்டியில் ஒரு ஜக்கை அனுப்பினார்கள். "நாம ஜக்கா விக்கறோம்? காத்தை வண்டியில ஏத்தி ஊர் சுத்திக் காட்டிட்டு இருக்கோம்" என்று மாமாவைச் சீண்டிக்கொண்டே இருப்பாள். அவள் வாய் முகூர்த்தம், ஒருநாள் ஜக் வாங்கும் கடைக்காரர்களே சொல்லிவிட்டார்கள்: தெர்மாகோல் மக்குவதும் இல்லை, மடங்குவதும் இல்லை, எங்கள் குப்பைத்தொட்டி தாங்காது, வேறு பெட்டியோடு வாருங்கள்.

பட்டறையில் செய்வதில் பாதி அந்தக் கடைகளுக்குத்தான் போகிறது. கட்டர் ராவும் பகலும் உட்கார்ந்து ஒரு பெட்டி செய்தாள். ஒரே அட்டை. பசை இல்லை. உள்ளே மடிகிற மடிப்பு ஜக்கின் கழுத்தையும் அடியையும் பிடித்துக்கொள்ளும். சுற்றிலும் இரண்டு விரல் இடம் விட்டு ஜக் நடுவில் நிற்கும். பழைய பெட்டியில் பாதி அளவு. பட்டறையே கூடி முப்பது தடவை கீழே போட்டுப் பார்த்தது. ஒரு கீறல் இல்லை! மாமா கைதட்டினார்.

முதல் லோடு போனது. நாற்பத்தொரு ஜக் உடைந்து திரும்பி வந்தது.

"இன்னொரு லோடு பார்க்கிறோம். நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் உடைந்தால் வேறு பட்டறையைத் தேடிக்கொள்கிறோம்" என்று கடிதம் வந்தது. அந்த வியாபாரம் போனால் இரண்டு உலையில் ஒன்றை அணைத்துவிட வேண்டியதுதான். மாமா முகத்தில் ஈயாடவில்லை. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது அவளுக்கு. உடைந்த ஜக்குகளை எண்ணிக்கொண்டு நின்றார். தாங்க முடியாமல் இவளே வாயைக் கொடுத்தாள்.

"மாமா, இதுவும் உடைஞ்சா நான் பெட்டி மேசையை விட்டு எழுந்துடறேன். வேற ஆளை வெச்சுக்குங்க."

அட்டையைக் கொஞ்சம் தடிமனாக்கினாள். மறுபடி எல்லோரும் கீழே போட்டார்கள். மறுபடி ஒன்றும் ஆகவில்லை. இந்த முறை சும்மா இருக்க மனசு கேட்காமல், நானூற்று எண்பது ஜக்கோடு தானும் வண்டியில் ஏறிவிட்டாள்.

அந்தக் கடைகளின் கிடங்கு வாசலில் கொள்முதல் அதிகாரி நின்றிருந்தார். ஒல்லியான அம்மா, கழுத்தில் மூக்குக்கண்ணாடி தொங்கியது, கையில் பேனா. "நீங்க பாக்கலாம். ஆனா பேசக்கூடாது. அவங்க எப்பவும் எப்படி இறக்குவாங்களோ அப்படியே இறக்கட்டும்" என்றார்.

வண்டிமேல் நின்றவனை எல்லோரும் நெட்டை என்று கூப்பிட்டார்கள். ஒரு கையால் பெட்டியை எடுத்தான், பார்க்காமலே வீசினான். கீழே நின்றவன் பிடித்தான், திரும்பாமலே அடுத்தவனுக்கு வீசினான். அவன் பலகையில் தொப்பென்று வைத்தான். தொப், தொப், தொப்! பேசக்கூடாது என்றதால் கட்டர் துப்பட்டா நுனியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள்.

பாதி லோடு இறங்கியதும் பிரித்துப் பார்த்தார்கள். இருநூற்று நாற்பதில் பத்தொன்பது உடைந்திருந்தது. அதிகாரி பேனாவை மூடினார். "மீதியை இறக்கி என்ன ஆகப்போகுது? விடுங்க" என்றார்.

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? கட்டர் நேராக நெட்டையிடம் போனாள்.

"அண்ணே, அது கண்ணாடிண்ணே! மேல சிவப்புல எழுதியிருக்கே, பாக்கலையா?"

"எல்லாப் பெட்டியிலயும்தான் எழுதியிருக்கு. தலகாணி வர்ற பெட்டியில கூட 'உடையும், கவனம்'னு போட்டிருக்கான். எதைன்னு நம்பறது?"

"அதுக்காகத் தூக்கிப் போடுவீங்களா?"

அவனுக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. "வேணும்னேவா போடறேன்? எடுத்தா காத்து மாதிரி இருக்கு, கை தானா வீசிடுது. அதோ பாரு, மோட்டார் பெட்டி. அதை யாராவது வீசறோமா? கனம். பக்கத்துல கைவிட ஓட்டை இருக்கு. ரெண்டு கையும் விட்டுத் தூக்கி, இடுப்போட அணைச்சு, மெதுவா வைப்போம். வீசினா பெட்டிக்கு ஒண்ணும் ஆகாது, என் இடுப்புதான் போகும்."

கை தானா வீசிடுது! கட்டர் அங்கேயே நின்றுவிட்டாள். பட்டறையில் கை தானாக இறக்குகிறது, இங்கே கை தானாக வீசுகிறது. முப்பது தடவை போட்டுப் பார்த்தோம் என்று குதித்தோமே, நாங்கள் எங்கே போட்டோம்? தாலாட்டி அல்லவா வைத்தோம்! அவளுக்குச் சிரிப்பு வந்தது. பத்தொன்பது ஜக் உடைந்து கிடக்கிற இடத்தில் சிரிக்கிறாளே என்று அதிகாரி திரும்பிப் பார்த்தார்.

"மேடம், மீதி இருநூத்து நாப்பது வண்டியிலயே இருக்கு. அதை நான் இங்கேயே வேற மாதிரி கட்டித் தர்றேன். இன்னும் ஒரே ஒரு தடவை பாருங்க."

"இவங்ககிட்ட நீங்க பேசிட்டீங்களே. இனிமே பாத்துப் பாத்துத்தான் இறக்குவாங்க."

"அப்ப வேற ஆளுங்க இறக்கட்டும்!"

அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணிக்கு ஷிப்ட் மாறும். வர்றவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நாலரைக்கு நான் கிளம்பணும். ரெண்டு உடைஞ்சா விட்டுடறேன். மூணாவது உடைஞ்சா பேச்சே கிடையாது."

அப்போது மணி பதினொன்றரை. கட்டர் மாமாவுக்குப் போன் போட்டாள். "டேப்பு, பெரிய கட்டர், பெட்டி மடிக்கிற அக்கா ரெண்டு பேரு. உடனே வாங்க. எதுக்குன்னு கேக்காதீங்க!"

மாமா கேட்கவில்லை. முக்கால் மணி நேரத்தில் வந்து நின்றார், நெற்றியெல்லாம் வேர்வை.

கிடங்கின் பின்னால் காலி அட்டைப்பெட்டிகள் மலைபோல் குவிந்திருந்தன. பழைய அட்டைதான், ஆனால் கெட்டி. கட்டர் அதில் பெரிய பெட்டி அறுத்தாள். தன் சின்னப் பெட்டிகளின் வெளிச்சுவரை வெட்டி எறிந்துவிட்டு, ஜக்கைப் பிடிக்கும் உள்மடிப்பை மட்டும் வைத்துக்கொண்டாள். ஆறு ஜக், ஆறு மடிப்பு, சுற்றி ஒரே சுவர். கனம் பத்து கிலோவைத் தாண்டியது. ஆகா, இதுதான் வேண்டும்!

"அண்ணே, கையை இந்த அட்டைமேல வைங்க" என்று நெட்டையின் கையைப் பிடித்து வைத்து, சுற்றிலும் பேனாவால் கோடு இழுத்தாள். அந்தக் கைதான் ஓட்டைக்கு அளவு. முதல் பெட்டியில் தூக்கியதும் ஓட்டை கிழிந்தது. அடுத்ததில் மேல் ஓரத்தை அறுக்காமல், துண்டை உள்பக்கம் மடித்து விட்டாள். அட்டை இரட்டையானது, விரலையும் அறுக்கவில்லை.

"போட்டுப் பாக்கலாமா?" என்று மாமா ஆவலாகப் பெட்டியைத் தூக்கினார். முழங்கால் மடங்கியது, முதுகு குனிந்தது.

"மாமா, தள்ளுங்க. உங்க கை பொய் சொல்லுது. அண்ணே, நீங்க வாங்க. நல்லா வீசுங்க!"

நெட்டை இரண்டு கையையும் ஓட்டையில் விட்டான், தூக்கினான், வீசப் பார்த்தான். பெட்டி இடுப்போடு ஒட்டிக்கொண்டது. "இதை எங்க வீசறது?" என்று சிரித்துக்கொண்டே கீழே வைத்தான். கட்டர் ஒரு குதி குதித்தாள்.

பிறகு யாரும் உட்காரவில்லை. அவள் அறுக்க, அக்காமார் மடிக்க, மாமா ஜக்கை உள்ளே இறக்க, டேப் சர்ர் சர்ர் என்று ஓடியது. சாப்பாட்டை யாரும் நினைக்கவில்லை. நெட்டையும் கூட்டாளிகளும் தங்கள் இடைவேளையில் வந்து அட்டை தூக்கிக் கொடுத்தார்கள். மூன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நாற்பதாவது பெட்டி மூடியது. வெட்டி எறிந்த சுவர்கள் மாமாவின் தோள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. பாதி வண்டியை அடைத்திருந்த சரக்கு இப்போது மூன்றில் ஒரு பங்கில் அடங்கிவிட்டது. மாமா வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்து, "ஏ கட்டர், இவ்ளோ இடம் சும்மா இருக்கே! ஒரே நடையில எவ்ளோ அனுப்பலாம்!" என்றார். காலையிலிருந்து அவர் பேசிய முதல் சந்தோஷமான பேச்சு அது.

சாலைக் குலுக்கலும் பட்டாக வேண்டுமே என்று டிரைவர் வண்டியைக் குண்டும் குழியுமான பின்சாலையில் ஒரு சுற்று ஓட்டிக்கொண்டு வந்தார். புது ஷிப்ட் ஆட்கள் வந்தார்கள். கட்டரும் மாமாவும் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்கள். வண்டிமேல் ஏறியவன் தடித்த கழுத்துக்காரன். வழக்கம்போல ஒரு கையால் பெட்டியின் மூலையைப் பிடித்தான். வரவில்லை. ஓட்டையைப் பார்த்தான். இரண்டு கையையும் விட்டான். அணைத்துத் தூக்கி, கீழே நின்றவனிடம் கைமாற்றினான். அவனும் அணைத்துக்கொண்டு போய் மெதுவாக வைத்தான்!

"மாமா, பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று அவர் கையைக் கிள்ளினாள் கட்டர். அவருக்கு வலித்திருக்க வேண்டும், சொல்லவில்லை.

இருபத்தேழாவது பெட்டியில் விதி விளையாடியது. வண்டி விளிம்புக்கு இழுக்கும்போது கை வழுக்கி, பெட்டி சாய்ந்து, நெஞ்சு உயரத்திலிருந்து தரையில் தொம் என்று விழுந்தது. அதிகாரி நடந்து போய் அந்தப் பெட்டிமேல் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டார். "இதைக் கடைசியில பிரிக்கலாம்" என்றார்.

மற்ற முப்பத்தொன்பதையும் பிரித்தார்கள். ஒன்றுகூட உடையவில்லை. பெருக்கல் குறி போட்ட பெட்டி மேசைக்கு வந்தது. இதில் மூன்று உடைந்திருந்தால் எல்லாம் போச்சு: கடை, ஓர் உலை, தன் மேசை. கரணம் தப்பினால் மரணம் என்பார்களே, அந்த இடம்.

அதிகாரி ஒவ்வொன்றாக எடுத்தார். முதல் ஜக் முழுசு. இரண்டாவது முழுசு. மூன்றாவதில் கைப்பிடி விட்டுப்போயிருந்தது. கட்டர் கண்ணை மூடிக்கொண்டாள். நான்காவது, ஐந்தாவது என்று வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஆறாவது.

"முழுசு" என்றார் அதிகாரி. "இருநூத்து நாப்பதுல ஒண்ணு." தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "அடுத்த மாசத்துலேர்ந்து இதே பெட்டி. அந்த ஓட்டையை மட்டும் மாத்திடாதீங்க."

மாமாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஆறாவது ஜக்கை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, "பாருங்க மேடம், ஒரு கீறல் இல்ல! ஒரு கீ—"

ஜக் அவர் கையிலிருந்து நழுவி, தலை உயரத்திலிருந்து நேராகத் தரையில் விழுந்து சுக்குநூறானது.

மாமா தன் கையைத் தானே நம்பாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதிகாரி கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சில்லுகளைப் பார்த்து, தாளைப் பார்த்தார்.

"பரவாயில்ல. ரெண்டு வரைக்கும் விட்டுடறேன்னுதானே சொன்னேன்."

கட்டர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் அவளுக்குப் பெருக்கவே வரவில்லை.

"மாமா, முப்பது வருஷத்துல இன்னைக்குத்தான் ஒரு பொருளை ஒழுங்காக் கீழே போட்டீங்க" என்றாள்.