பார்சலில் வந்த சிப்

நாலாவது நாளும் திரை கறுப்பாகவே கிடந்தது. உள்ளங்கை அளவான, ஒரே மின்பலகையாலான அந்தக் கணினியில் சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது. வசீகரன் வயரைக் கழற்றி, மறுபடி மாட்டினார். விளக்கு மாறவில்லை.

பதுளையில் அவர் இருபத்திரண்டு வருடம் வேலைக்கு நின்ற கடையை மூடிவிட்டார்கள். சொந்த ஊரான கரம்பொனுக்குத் திரும்பி ஒரு வருடத்தில் கிடைத்த முதல் வேலை இதுதான். மனைவியின் தம்பி தர்சன் கனடாவில் வேலை செய்யும் இடத்துக்குப் பழைய தமிழ்ப் பத்திரங்களைத் தட்டெழுதிக் கொடுக்கவேண்டும். கணினியையும் அவனே அனுப்பியிருந்தான். திங்கட்கிழமை தொடங்காவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். இன்று சனி.

தர்சன் போனில் கேட்டான்.

"அத்தான், டிஸ்க் குத்தியிருக்கோ?"

"ஓம்."

"சிப்?"

"எந்தச் சிப்?"

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயைத் தர்சன் பூட்டினான்.

"பார்சலில விற்றமின் போத்திலோட சுத்தி ஒரு சின்ன மெமறிச் சிப் வைச்சனான். யூ.ஈ.எவ்.ஐ எண்ட புரோகிராம் அதுக்கைதான் கிடக்கு. அது முதல்ல முழிச்சாத்தான் டிஸ்கில கிடக்கிற லினக்ஸ் எண்ட பெரிய புரோகிராமைத் தேடி எழுப்பும்."

"பலகையிலேயே செருகி அனுப்பியிருக்கலாமே?"

"வழியில முறிஞ்சிடும் எண்டு பயந்தனான்."

வசீகரன் குசினிக்குப் போய்ச் சிப் எங்கே என்று கேட்டார். மனைவி ஞானசவுந்தரி மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். வெளிநாட்டுப் பார்சல் உடைத்த அன்றே அது அக்கம்பக்கத்துக்குப் பங்கு போய்விட வேண்டும். ஒருநாள் பிந்தினாலும் ஒளித்து வைத்ததாகக் கதை கிளம்பும்.

"அதுவோ? பக்கத்து வீட்டுக் கோசலாவின்ரை போன் நிரம்பிப் போச்செண்டு சொன்னவள். சொக்லேட்டோட குடுத்திட்டன்."

"என்னட்டை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"பார்சல் உடைக்கேக்கை நீங்கள் வாயைத் திறந்தனீங்களோ? சுவரைப் பாத்துக்கொண்டெல்லோ இருந்தனீங்கள்."

உண்மைதான். பதுளையிலிருந்து வந்த நாள்முதல் அவருக்கு அந்தச் சுவர் போதுமாயிருந்தது.

வேறு சிப் வாங்கலாமென்றால் ஊர்காவற்றுறைப் போன் கடைக்காரன் கலியாணத்துக்குப் போய்விட்டான், செவ்வாய்தான் திறப்பானாம். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதைத் தவிர வழியில்லை. பக்கத்து வீட்டுப் படலையில் அவர் நெடுநேரம் நின்றார். கடைசியில் கோசலாதான் கண்டாள்.

"என்னண்ணை, பேய் மாதிரி நிக்கிறியள்?"

சொன்னார்.

"ஐயோ, போட்டவுடனை உள்ளதை அழிக்கவோ எண்டு போன் கேட்டது. ஓம் எண்டு அமத்திப் போட்டன். இப்ப என்ரை ஆட்டுப் படமெல்லாம் அதுக்கைதான். எதை விக்கிறதெண்டு கட்டாரிலை இருக்கிற மனிசன் படம் பாத்துத்தான் சொல்லுவார்."

சரி, இதுவும் போயிற்று என்று வசீகரன் நினைத்தார். அந்த நினைப்பில் ஒரு சிறு நிம்மதிகூட இருந்தது. படலையைச் சாத்தி வீட்டுக்குத் திரும்பிவிடலாம். ஆனால் கை போனை எடுத்துவிட்டது.

"ஆட்டை அழிக்கத் தேவையில்லை அத்தான்," என்றான் தர்சன். "நாலைஞ்சு ஃபைல்தான். அவவின்ரை போனிலேயே இறக்கி, சிப்பிலை ஆட்டுக்குப் பக்கத்திலை போட்டாச் சரி."

அவன் சொல்லச் சொல்லக் கோசலா அமத்தினாள். பிறகு சிப்பைக் கழற்றிக்கொண்டு அவளும் கூடவே வந்தாள்.

சிப்பைச் செருகினார். சிவப்பு விளக்குக்குப் பக்கத்தில் பச்சை ஒன்று துடித்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மளமளவென்று ஏறின. உள்ளே பற்றரி இல்லாததால் திகதி மட்டும் ஏதோ பழைய வருடத்தில் நின்றது. சிப்பின் பெயரை அழுத்தினார். திரை முழுக்க ஆடுகள்.

"அண்ணை, அந்த ஆட்டின்ரை நொண்டிக்கால் இதிலை நல்ல வடிவாத் தெரியுது! நல்லவேளை, அவருக்குச் சின்னப் போன், கண்டா விக்கச் சொல்லியிருப்பார்." கோசலா திரையோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். "சிப் இதுக்கையே கிடக்கட்டும். இனிப் படம் பாக்க இஞ்சை வாறன்."

"எழும்பீட்டுது," என்றார் வசீகரன் போனில்.

"அப்பாடா! சந்தோசமோ அத்தான்?"

அவர் முதுகை நிமிர்த்தினார். அது வலித்தது.

"திங்கள் எத்தினை மணிக்கு?"

"உங்கடை காலமை எட்டு."

"சரி."

போனை வைக்காமலே அவர் நாற்காலியைச் சுவரிலிருந்து திரைப் பக்கம் திருப்பிப் போட்டார்.