நெட்டை நாற்று

நாலந்தாவுக்கு அண்மையில் பதுர்தீன் செய்துவந்த வயல் அவருடையதன்று. அப்துல் ஸமத் ஹாஜியாருடையது. சென்ற பெரும்போக விளைச்சல் பொய்த்தபோதே ஹாஜியார் சொல்லிவிட்டார்: இம்முறையும் விளையாவிட்டால் வயல் வேறு கைக்குப் போகும். ஆகவே பதுர்தீன் நாற்றுமேடையை அதே பழைய மூலையிலேயே அமைத்தார். போன தடவை அங்கேதான் சில நாற்றுகள் மளமளவென உயர்ந்தன. அந்த மண்ணில் பறக்கத், இறைவனின் அருள், இருக்கிறதென்பது அவர் நம்பிக்கை.

இம்முறை பாதி மேடை நாற்று உயர்ந்தது. ஒல்லியாய், வெளிறி, மற்றவற்றைவிட ஒரு சாண் மேலே நின்றது. தெருவில் போனவரெல்லாம் நின்று மெச்சினர். மெச்சுவதற்கு என்ன செலவு? வேரைப் பார்க்காத வாய்கள்!

"நானா, இதென்ன, நெல்லா கரும்பா?" என்று சிரித்தாள் தங்கை ஸுலைஹா.

"கண்ணு வெக்காதடி!"

"எனக்கென்னமோ சோகை புடிச்ச புள்ள மாதிரி ஈக்கி."

"ஒன் வாய்ல நல்லதே வராதா? அந்தக் கட்டை நாத்தையெல்லாம் மாட்டுக்குத்தான் போடப் போறேன். வேணுமின்னா அள்ளிட்டுப் போ."

அள்ளிக்கொண்டு போனாள், வாய்க்காலோரம் தனக்கிருந்த துண்டு நிலத்தில் நட்டாள். பதுர்தீனோ நெட்டைகளை மட்டும் பொறுக்கி வயல் முழுதும் நட்டார்.

மழை விட்ட ஒரு காலையில் வயலின் நடுவே சொட்டை விழுந்திருந்தது. நாளுக்கு நாள் அது அகன்றது. தப்பியவை கதிர் விட்டன. நசுக்கினால் பாலில்லை, வெறும் பதர். வந்து பார்த்த விவசாயப் போதனாசிரியர் ஒரு பயிரைப் பிடுங்கி, தண்டின் அடியில் படிந்திருந்த வெள்ளைப் பூசணத்தை விரலால் வழித்துக் காட்டினார்.

"இது மண்ணுலயும் விதையிலயும் இருக்கிற பூஞ்சணம், ஐயா. பயிர நீட்டுற ஹோர்மோன் ஒன்ன இதுவே சுரக்குது. நீங்க வளர்ச்சின்னு நெனச்சது நோய்."

"அப்ப கட்டையா நின்னது?"

"அதுதாங்க சுகமான நாத்து."

பதுர்தீன் வாய்க்காலோரம் பார்த்தார். ஸுலைஹாவின் துண்டில் கதிர்கள் தலைசாய்ந்து பழுத்திருந்தன.

அன்றே வயலுக்கு வந்த ஹாஜியாரும் அதைத்தான் பார்த்தார். வரம்பில் நின்றபடி, "அடுத்த போகம் ஒங்க தங்கச்சி செய்யட்டும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அன்று மாலை ஸுலைஹா வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"நானா, நாத்துமேடை போட நீங்கதானே வரோணும்?"

"வாறேன். எடத்த நீ காட்டு."

அவள் போன பிறகு பதுர்தீன் வயலில் இறங்கி, நெட்டைப் பயிர்களைப் பிடுங்கி பழைய நாற்றுமேடை மூலையிலேயே குவித்துத் தீ வைத்தார். ஈரப் பயிர் எரியவில்லை; புகைந்துகொண்டே கிடந்தது.