ஒரு மில்லிமீட்டர்

அறுந்துபோன நாலாவது தந்திக்குப் பதில் புதியதை அம்மாவின் கிட்டாரில், தந்தி கட்டும் குதிரையில் செருகி முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தபோது, ஹாலில் நாற்காலிகளை இழுத்து ஓரங்கட்டும் சத்தம் கேட்டது. அம்மாவின் சவப்பெட்டிக்கு இடம் பண்ணுகிறார்கள். சின்னவள் தலை நிமிரவில்லை.

"இன்னும் ஆகலையா?"

கதவருகில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். ராத்திரி முழுக்கத் தூங்காத முகம். ஆனால் குரலில் மட்டும் தெம்புக்குக் குறைவில்லை.

"ஆகுது."

"ஒத்தத் தந்தி மாட்ட இவ்ளோ நேரமா? இதுக்குத்தான் போர்டு மாட்டிக் கடை நடத்துறியாக்கும்."

சின்னவள் முடிச்சை இன்னொரு சுற்று இறுக்கினாள். நேற்றுக் காலை அக்காவிடமிருந்து வந்த போனும் இதே தினுசில்தான் இருந்தது. 'அம்மா போயிட்டா. குளியலறையில விழுந்துட்டா, டாக்டர் வர்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. வர்றதுன்னா வா.' வர்றதுன்னா என்ற அந்த வார்த்தையை வழியெல்லாம் மென்றுகொண்டேதான் அவள் வந்து சேர்ந்தாள்.

ஆறு வருடமாக அவள் இந்த வீட்டுப் படியேறவில்லை. அம்மா நாற்பது வருடம் கிட்டார் சொல்லிக்கொடுத்தவள். சின்னவள் கிட்டார் பழுதுபார்க்கிறவள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒரே கொடியில் காய்த்த மாதிரி தெரியும். ஆனால் அம்மா அந்தக் கடைக்கு வைத்த பெயர் பொம்மைக் கடை. தன் மாணவர்கள் யாரும் அங்கே போகக்கூடாது என்று வகுப்பில் சொல்லியே வைத்திருந்தாள்.

சண்டையின் வேர் ஒரு கழுத்தில் இருந்தது. கிட்டாரின் கழுத்தில்.

சின்னவளுக்கு ஒன்பது வயதில் அம்மா தன்னுடைய கிட்டாரையே தூக்கி மடியில் வைத்தாள். அம்மாவுக்குப் பெரிய கை, நீள விரல். அக்காவுக்கும் அப்படியே. சின்னவளுக்கு அப்பாவின் கை, குட்டையும் தடிமனும். அந்த அகலக் கழுத்தைச் சுற்றிக் கட்டை விரலைக் கொண்டுபோனால் மற்ற விரல்கள் தந்திக்கு எட்டாது. விரல்களை எட்டவைத்தால் மணிக்கட்டு ஒடிகிற மாதிரி வளையும். சின்னதாக ஒன்று வாங்கிக்கொடு என்று கேட்டாள். "கிட்டார் உனக்காக மாறாது. நீதான் மாறணும்" என்றாள் அம்மா. பதினாலு வயதில், மாணவர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்த நிகழ்ச்சியில் அவள் பாதியில் நின்றுபோனபோது, அம்மா எழுந்து கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னாள்: "மன்னிச்சுக்கங்க. இவளுக்குக் கை கிடையாது."

அதற்குப் பிறகு அவள் யார் முன்னாலும் வாசித்ததில்லை. மரவேலைக்குப் போனாள், கற்றுக்கொண்டாள், கடை போட்டாள். வருகிறவர்களிடம் என்ன பாட்டு, எவ்வளவு நாளாக வாசிக்கிறீர்கள் என்றெல்லாம் கேட்கமாட்டாள். "கையைக் காட்டுங்க" என்பாள். கையை அளந்து, அதற்கேற்பக் கழுத்தை இழைத்து, தந்திகளை நெருக்கியோ தள்ளியோ வைத்துக்கொடுப்பாள். வலிக்குது என்று வந்தவர்கள் வலிக்கலையே என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

இப்போது புதுத் தந்தியைக் கழுத்தின் தலைமாட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்த எலும்புத் துண்டின் பள்ளத்தில் படியவைத்தாள். தொழிலில் அதை நட்டு என்பார்கள். ஆறு தந்திக்கும் ஆறு பள்ளம். ஆறுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. பள்ளத்தில் வைத்த விரல் அப்படியே நின்றது.

இது அம்மாவின் நட்டு இல்லை. அம்மாவுடையது பழுப்பேறிக் கிடக்கும். இது வெள்ளையாக, நேற்றுப் பிறந்த பல் மாதிரி இருந்தது. தந்திகளும் கழுத்தின் விளிம்பைவிட்டு உள்ளே தள்ளி, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கிடந்தன. அவள் அளவுகோலைத் தேடிப் பையில் கைவிடுவதற்குள் அக்கா உள்ளே வந்து கிட்டாரைப் பிடுங்கிக்கொண்டாள்.

"போதும் குடு. எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க."

ஹாலில் முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள். பெட்டிக்குப் பக்கத்தில் போட்டிருந்த ஸ்டூலில் மேனேஜர் உட்கார்ந்திருந்தார். ஏதோ வங்கியில் மேனேஜர். அம்மாவிடம் இருபது வருடம் படித்த தலைமாணாக்கர். ஆறடி உயரம், அதற்கேற்ற கை. டீச்சருக்குப் பிடித்த ஒன்றை வாசித்து வழியனுப்பிவைப்பது என்று அக்காவும் அவரும் பேசி முடிவுசெய்திருந்தார்கள்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். மூன்றாவது நொடியிலேயே கண்ணைத் திறந்தார். திரும்ப ஆரம்பித்தார். ஒரு தந்தியை அழுத்திய விரல் பக்கத்துத் தந்தியையும் அமுக்கி அதன் வாயை அடைத்தது. பாதி சுரம் வந்தது, பாதி தொப் தொப்பென்று செத்தது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

"இது டீச்சரோடதுதானா?" என்றார் மேனேஜர், கழுத்தைத் திருப்பிப் பார்த்தபடி. "எத்தனையோ தடவை இதுல வாசிச்சிருக்கேன். இப்ப விரலுக்கு விரல் இடிக்குது. தந்தியெல்லாம் நெருக்கி வச்ச மாதிரி இருக்கு."

அக்கா திரும்பினாள். அவ்வளவு பேருக்கும் நடுவில் சின்னவளின் முகத்துக்கு நேராகக் கையை நீட்டினாள்.

"என்னடி பண்ணுனே?"

"நான் எதுவும் பண்ணல."

"ஒரு தந்தி மாட்ட முக்கால் மணி நேரம் உள்ள என்ன பண்ணுனே? கதவை வேற சாத்திக்கிட்டு! உன் பொம்மைக் கடை வேலைய அவ கிட்டார்லயே காட்டிட்டேல்ல? உயிரோட இருந்தப்ப முடியல, செத்தப்புறம் பழி வாங்குறே."

"அக்கா, வாயை அளந்து பேசு. அந்த நட்டு புதுசு. நான் பார்க்கறதுக்கு முன்னாடியே—"

"பேசாதே! அவ கிடக்கறா இங்க. கொஞ்சமாவது வெக்கம் இருக்கா உனக்கு?"

யாரும் குறுக்கே வரவில்லை. அம்மாவின் மாணவர்கள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள். பதினாலு வயதில் பார்த்த அதே கண்கள், முடி நரைத்துப்போய். அவள் கை தானாக முஷ்டியாகி, புடவை மடிப்புக்குள் ஒளிந்துகொண்டது.

அப்போது வாசல் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "அது நான் செஞ்ச வேலைம்மா."

ஆணி நின்றிருந்தார். ஊரின் மறுகோடியில் கிட்டார் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர். பல்லிடுக்கில் எப்போதும் ஒரு சின்ன ஆணியைக் கடித்துக்கொண்டே பேசுவதால் வந்த பெயர். தொழிலில் சின்னவளுக்குப் போட்டி. இன்று வாயில் ஆணி இல்லாததால் உதடுகள் என்ன செய்வதென்று தெரியாமல் அசைந்துகொண்டிருந்தன.

"நீங்க யாரு?" என்றாள் அக்கா.

"டீச்சர் என் கடைக்கு வந்தாங்க. மூணு தடவை. போன வருஷம் நட்டை மாத்திக் குடுத்தேன். உங்க தங்கச்சியைச் சத்தம் போடாதீங்க."

மேனேஜர் கிட்டாரை ஏதோ சுடும் பாத்திரத்தைப் போல மடியிலிருந்து தள்ளிப் பிடித்தார். அக்காவின் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. ஆனால் நீட்டிய கையை இறக்க அவளுக்கு மனம் வரவில்லை. அதே கையால் கிட்டாரை வாங்கிச் சின்னவளின் நெஞ்சில் இடித்தாள்.

"அப்ப நீ வாசி. உன் கைக்குத்தான் சரியா இருக்கும்."

"மாட்டேன்."

"பெத்தவளுக்குடி."

"என்கிட்ட வராம அடுத்த கடைக்குப் போனவளுக்கு நான் எதுக்கு வாசிக்கணும்?"

சொல்லிவிட்டு, கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள்.

கட்டிலில் உட்கார்ந்து அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்தாள். முதல் தந்தியிலிருந்து ஆறாவது தந்திக்கு முப்பத்தெட்டு மில்லிமீட்டர். அம்மாவின் பழைய அளவு நாற்பத்துமூன்று. தந்திக்குத் தந்தி ஒரு மில்லிமீட்டர் குறைத்திருக்கிறார்கள். கழுத்தின் முதுகைத் தடவினாள். அங்கேயும் மரத்தை இழைத்து மெலிதாக்கியிருந்தது. கதவு மெல்லத் தட்டப்பட்டது.

"வாங்க," என்றாள்.

ஆணி உள்ளே வந்து சுவரோரமாக நின்றார். "கை அவங்களுக்கு மடங்கிப்போச்சு. முட்டியெல்லாம் வீங்கி, விரல் விரியவே இல்ல. முதல் தடவை வந்தப்ப கழுத்தை மட்டும் இழைச்சேன். பத்தல. நட்டை மாத்தணும்னு சொன்னேன்."

"உங்க பொண்ணு இதே வேலைதானே பண்றான்னு நீங்க கேக்கலையா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

ஆணி தரையைப் பார்த்தார். "சொன்னா தப்பா எடுத்துக்காதீங்க. 'அவகிட்ட போனா, ஒன்பது வயசுல இருந்து அவ சொன்னதையெல்லாம் உக்காந்து கேக்கணும். எனக்கு அந்தத் தெம்பு இல்ல'ன்னாங்க."

சின்னவளுக்குச் சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. வந்தது சிரிப்பு இல்லை.

"முப்பத்தெட்டுன்னு நீங்களா வச்சீங்களா?"

"இல்ல. சின்னக் கைக்கு அவ என்ன அளவு வைக்கிறான்னு கேட்டாங்க. உங்க வேலை ரெண்டு மூணு என் கடைக்கு வந்திருக்கு, அளந்து வச்சிருந்தேன். சொன்னேன். 'அப்ப அதையே வை'ன்னாங்க."

"அளவு என்னோடது. பேர் உங்களோடது."

"ஆமாம்மா."

"மூணாவது பள்ளத்தை ஆழமா அறுத்திருக்கீங்க. தந்தி உதறும்."

"உதறுதுன்னுதான் மூணாவது தடவை வந்தாங்க. அன்னைக்குக் கடையில கூட்டம். அப்புறம் வரேன்னு போனாங்க. வரல." அவர் கிட்டாரின் பக்கம் கையைக் காட்டினார். "பழைய நட்டு என்கிட்டதான் இருக்கு. கொண்டாந்து மாட்டிடவா? மேனேஜர் சார் வாசிக்கலாம்."

"கை வைக்காதீங்க."

அவர் தலையாட்டிவிட்டு வெளியே போனபோதுதான் வாசலில் அக்கா நின்றிருந்தது தெரிந்தது. எவ்வளவு கேட்டாளோ. உள்ளே வந்து அலமாரியைத் திறந்து, தேவையில்லாமல் ஒரு துண்டை எடுத்து மடித்தாள்.

"மூணு வருஷமா நான்தான் அவளுக்குப் பட்டன் போட்டுவிட்டேன்," என்றாள், துண்டைப் பார்த்தே. "சாப்பாடு பிசைஞ்சு குடுத்தேன். கிட்டாரைத் தூக்கிக்கிட்டு வாடகை வண்டியில எங்கயோ போவா. எங்கேன்னு கேட்டா உனக்கெதுக்குன்னு எரிஞ்சு விழுவா."

"அங்கதான் போயிருக்கா."

"உனக்கென்ன, கை இல்லன்னு சொல்லி உன்னை விட்டுட்டா. எனக்குக் கை இருந்துச்சு. தினமும் நாலு மணி நேரம். விரல் நுனி வெடிச்சு ரத்தம் வந்தாக்கூடப் பஞ்சை ஒட்டிக்கிட்டு உக்காரணும். நீ வெளியில விளையாடுற சத்தம் எனக்கு இங்க கேக்கும்." துண்டை உள்ளே வீசி அலமாரியைச் சாத்தினாள். "அந்தக் கிட்டாரை நீயே எடுத்துட்டுப் போ. என் கண்ணுல படக்கூடாது."

"எனக்கும் வேணாம்."

"அப்ப உடைச்சுப் போடு."

இருவரும் கிட்டாரைப் பார்த்தார்கள். யாரும் அதைத் தொடவில்லை. வெளியே மேனேஜர் தொண்டையைச் செருமி, வண்டி வந்துவிட்டது என்றார். கூட்டத்தில் சொன்னதற்கு அக்கா ஒரு வார்த்தையாவது சொல்வாள் என்று சின்னவள் காத்திருந்தாள். அக்கா முந்தானையைச் செருகிக்கொண்டு வெளியே போனாள்.

வாசிப்பு இல்லாமலேதான் பெட்டியைத் தூக்கினார்கள். வாசற்படியில் ஒருமுறை சாய்ந்தபோது 'பார்த்து, பார்த்து' என்று நாலைந்து குரல்கள் ஒன்றாக எழுந்தன. அப்புறம் செருப்புச் சத்தம் மட்டும். ஆணியும் ஒரு பக்கம் தோள் கொடுத்திருந்தார்.

பெட்டி ஏறிய வண்டிக்குப் பின்னால் ஒரு கார் நின்றது. அக்கா ஏற்கெனவே பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். மாணவர்கள் வேறு வேறு வண்டிகளில் ஏறிக்கொண்டிருந்தார்கள். யாரும் சின்னவளைக் கூப்பிடவில்லை. வெயில் தார்ச்சாலையில் பளபளத்தது. நடந்தே பேருந்து நிறுத்தத்துக்குப் போய்விடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு போய்க் காரின் கதவைத் திறந்தாள்.

அக்கா அந்தப் பக்கத்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை. பக்கத்து இருக்கையில் கிடந்த தன் கைப்பையை மட்டும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.